திருவான்மியூரில் இருந்து குமரி வரை: நன்கொடை திரட்டக் கடலோரமாக நடக்கப் போகிறவர்களுக்கு

"எப்படிங்க அவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்றுதான் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். எப்படிக் காசு சேர்த்தீர்கள், சேர்த்த காசை என்ன செய்தீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. நானும் என் சித்தப்பா மகனும் 38 நாளில் சென்னையில் இருந்து கன்னியாகுமரிக்குக் கடலோரமாக நடந்தோம், எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் ஒரு வலி தணிப்பு மையத்துக்காக. அதில் எனக்குப் புரிந்தது, உடம்பு பத்து நாளில் தானாகப் பழகிக்கொள்ளும், பணம் மட்டும் தானாக எதையும் பழகாது. அதனால் வழக்கமான வரிசையை மாற்றி எழுதுகிறேன். முதலில் பணம், அப்புறம் நாள், வழி, கடைசியில் கால்.

ஆரம்பத்திலேயே ஒரு கசப்பான கணக்கு. இரண்டு பேருக்குச் சாப்பாடு, தங்கல், செருப்பு, மருந்து, ஊர் திரும்ப ரயில் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 42,000 ரூபாய் சொச்சம் ஆனது. உங்கள் வட்டத்தில் மொத்தமாக 30,000 ரூபாய்தான் தேறும் என்று தோன்றினால், பேசாமல் அந்த 42,000-ஐ நேராகக் கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. நடக்க ஆசை என்றால் நடங்கள், அது வேறு சந்தோஷம், அதற்குத் தர்மத்தைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதில்லை. நடைச் செலவு முழுக்க நம் கையில் இருந்து, வருகிற நன்கொடை முழுக்க அவர்களுக்கு என்று எழுதிப் போட்டுவிட்டால் பாதிக் கேள்விகள் எழவே எழாது.

காசு யார் கைக்குப் போகிறது

இதற்கு முன்னால் நான் புதுச்சேரி வரை சைக்கிளில் போய் ஒரு பள்ளிக்கூடத்துக்கு 61,000 ரூபாய் திரட்டினேன். எல்லாம் என் சொந்த வங்கிக் கணக்குக்கு, என் போன் நம்பருக்கு வந்தது. பைசா குறையாமல் கொடுத்தும் விட்டேன். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் உறவுக்காரர் ஒருவர், இலையில் ரசம் ஊற்றும்போது, "அந்த சைக்கிள் காசு எல்லாம் செட்டில் ஆயிடுச்சா மாப்ளே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. என்னிடம் காட்ட ஒரு தாள்கூட இல்லை என்பதுதான் தப்பு. மானத்தை விடுங்கள், வரிச் சட்டப்படியும் அது சிக்கல்தான். உறவினர் அல்லாதவர்களிடம் இருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்தால் அது உங்கள் வருமானமாகக் கணக்காகும், அப்புறம் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து கடலையும் மணலையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே, யாருக்காக நடக்கிறீர்களோ அந்த நிறுவனத்துக்கு நேரில் போங்கள். போனில் வேண்டாம், நேரில். 12ஏ, 80ஜி என்று சொல்லும் வரித்துறைப் பதிவுகள் (முதலாவது நிறுவனத்துக்கு வரி விலக்கு, இரண்டாவது கொடுப்பவருக்கு வரிக் கழிவு) நடப்பில் இருக்கின்றனவா, போன வருடத் தணிக்கை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல நிறுவனம் கோபித்துக்கொள்ளாது, கோப்பை எடுத்து மேசையில் போடும். அவர்களிடம் வாங்க வேண்டியவை: அவர்கள் பெயரிலேயே யு.பி.ஐ. க்யூஆர் கோடு, எண் போட்ட ரசீதுப் புத்தகம் ஒன்று, லெட்டர்பேடில் முத்திரையோடு ஒரு கடிதம். இன்னார் இன்ன தேதியில் இருந்து இன்ன தேதி வரை இந்த வழியாக எங்களுக்காக நடக்கிறார்கள் என்று அந்தக் கடிதம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, போலீஸ் விஷயத்தில் சொல்கிறேன்.

வரி விலக்கு பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் 80ஜி கழிவு கிடைக்கும், புதிய முறைக்கு மாறியவர்களுக்குக் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கும் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் மச்சான், ஒன்றுவிட்ட அக்கா எல்லாம் ஆசையாக அனுப்பக் கேட்பார்கள், அங்கே கவனம். இந்தியக் குடியுரிமை உள்ளவர் இங்கேயுள்ள தன் கணக்கில் இருந்து அனுப்பினால் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை. அதை எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு உள்ள நிறுவனம் அதற்கென உள்ள கணக்கில்தான் வாங்க முடியும். நீங்கள் வாங்கிக் கைமாற்றிவிடுவது உதவி ஆகாது, வம்பு.

எவ்வளவு கேட்பது? "உங்களால் முடிந்ததை" என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. நாங்கள் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று கேட்டோம். வழி சுமார் 800 கி.மீ., ஆக ஒருவருக்கு 800 ரூபாய். மாதம் 40,000 சம்பளம் வாங்குகிறவர்கூட யோசிக்காமல் தலையாட்டும் தொகை, நூறு பேர் சேர்ந்தால் 80,000. முன்பணமாகக் கேட்காதீர்கள், பெயரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு ஒவ்வொரு 200 கி.மீ. முடிந்ததும் நினைவூட்டுங்கள், அதுவும் முடிந்தவரை மாதத்தின் முதல் ஐந்து நாளுக்குள் வருகிற மாதிரி. இருபதாம் தேதிக்கு மேல் நம் ஊரில் யாரிடமும் காசு கேட்பது மரியாதை இல்லை. வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள், ஒருவர் காலை வணக்கம் போட்டால் மற்ற எல்லோரும் ம்யூட் செய்துவிடுவார்கள். பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்புங்கள், ராத்திரி படுக்கும் முன் ஒரு நிமிடக் குரல் பதிவு போதும், எங்கே இருக்கிறோம், என்ன பார்த்தோம், கால் எப்படி இருக்கிறது.

எங்கள் இலக்கு ஐந்து லட்சம். வந்தது 3,40,000. அதில் பாதிக்கு மேல் கிளம்பும் முன்பும் கடைசி மூன்று நாளிலும் வந்தது. நடுவில் இருக்கிற நான்கு வாரம் கிணற்றில் போட்ட கல்தான், அதைத் தெரிந்துகொண்டு போனால் மனசு உடையாது.

உண்டியல் குலுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். வழியில் மக்கள் தருவதை மறுக்கவும் கூடாது. தரங்கம்பாடி தாண்டி ஒரு டீக்கடை, விடிய ஒரு மணி நேரம் இருக்கும், மீன் ஏலத்துக்குப் போகும் பெண்கள் அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என் முதுகில் தைத்திருந்த துணியைப் படிக்கச் சொல்லிக் கேட்ட ஒரு பாட்டி, சுருக்குப்பையில் இருந்து இருபது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். ஈரத் தாள், செதில் ஒட்டியிருந்தது. நான் ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் பெயர் கேட்டதும், "அத வச்சு நான் என்ன மீனா மடிக்கப் போறேன்?" என்றார். கிழித்துக் கொடுத்ததும் நாலாக மடித்து அதே சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார். இருபது ரூபாய்க்கும் ரசீது போடுங்கள். அன்றாடம் வரும் ரொக்கத்தை அன்றே உங்கள் போனில் இருந்து நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த நோட்டுகளைச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பையில் தர்மக் காசு ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது.

எப்போது கிளம்புவது

பொங்கல் முடிந்த கையோடு. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதுவும் புயல் காலம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியது, 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா வேதாரண்யத்தைச் சாய்த்தது. அந்த மாதங்களில் 38 நாளுக்குத் திட்டம் போடுவது சூதாட்டம். மார்ச்சுக்கு மேல் வெயில், தார் ரோடு ஷூவுக்குள் வரை சுடும். பொங்கல் நாட்களிலேயே கிளம்பினால் காணும் பொங்கல் கூட்டத்தில் மாமல்லபுரம் வரை நசுங்க வேண்டும், லாட்ஜும் கிடைக்காது. ஜனவரி 19, 20 வாக்கில் கிளம்பினால் பிப்ரவரி கடைசி வாரம் குமரி.

வடக்கில் இருந்து தெற்கே நடப்பதற்கும் காரணம் உண்டு. மீனவர்கள் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்: வாடை வடக்கு, கொண்டல் கிழக்கு, சோழகம் தெற்கு, கச்சான் மேற்கு. தை, மாசியில் காற்று வடகிழக்கில் இருந்து முதுகைத் தள்ளும். குமரியில் இருந்து சென்னைக்கு நடந்தால் அதே காற்று மணலை அள்ளி முகத்தில் போடும். ஒரு சின்ன விஷயம், தெற்கே நடக்கும்போது காலை வெயில் முழுக்க இடது பக்கம்தான். ஒரு வாரத்தில் என் இடது காது உரிந்துவிட்டது. தொப்பி காதை மூடாது, ஈரிழைத் துண்டு மூடும்.

சாலையா, மணலா

வரைபடத்தைப் பார்த்தால் ஒரே கோடாகக் கடற்கரை தெரியும், அதிலேயே நடந்து போய்விடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. முடியாது. முதல் காரணம் ஆறுகள். முட்டுக்காட்டுக் காயல், பாலாறு, பெண்ணையாறு, கெடிலம், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, பழையாறில் கொள்ளிடம், பூம்புகாரில் காவிரி, காரைக்காலில் அரசலாறு, புன்னைக்காயலில் தாமிரபரணி. பெரும்பாலும் கடலில் சேரும் இடத்தில் பாலம் இருக்காது, பாலம் உள்ளே எங்கேயோ இருக்கும். சில முகத்துவாரங்கள் கோடையில் மணல் மூடிக் கிடக்கும், ஜனவரியில் மழைத் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மேலே முழங்கால் அளவு தெரியும், காலுக்கடியில் மணல் ஓடும். நீந்திக் கடக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பக்கத்து மீனவக் கிராமத்தில் கேட்டால் ஃபைபர் படகில் அக்கரை விட்டுவிடுவார்கள், டீசல் காசு கொடுங்கள். ஆள் இல்லையா, பாலத்துக்குச் சுற்றுங்கள், அது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆனாலும்.

இரண்டாவது காரணம் வேலிகள். கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையப் பகுதிகள், காரைக்கால், தூத்துக்குடித் துறைமுகங்கள், குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்காக எடுத்த நிலம், இங்கெல்லாம் கரையோரமாகப் போக விட மாட்டார்கள். மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தி வரப்பில் நடக்கக் கூடாது, அது ஒருவருடைய பிழைப்பு. கோடியக்கரை சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் பக்கம் யாராவது படகில் கூட்டிப் போகிறேன் என்றாலும் போகாதீர்கள், அது கடல்சார் தேசியப் பூங்கா. முத்துப்பேட்டையில் கரை என்று ஒன்றே கிடையாது, அலையாத்திக் காடும் காயலும்தான், வேதாரண்யத்தில் இருந்து உள்ளே சாலைக்கு வந்து முத்துப்பேட்டை வழியாக அதிராம்பட்டினம் போக வேண்டும்.

மூன்றாவது காரணத்தை யாரும் எழுதுவதில்லை. பல ஊர்களில் விடியற்காலைக் கடற்கரை இன்னும் கழிப்பிடம். கேமராவும் பையுமாக அந்த நேரத்தில் நீங்கள் வந்து நின்றால் பெண்கள் எழுந்து ஓட வேண்டியிருக்கும். அதனால் ஊர் இருக்கும் பகுதியில் காலை எட்டு மணிக்கு முன் கரையில் இறங்கவே கூடாது என்று நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். உலர்த்திய வலையை மிதிக்காதீர்கள், செருப்புக் காலோடு படகில் ஏறாதீர்கள், கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றைத் தாண்டாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். கூப்பிட்டால் இரண்டு கை கொடுத்து இழுங்கள், நாங்கள் இழுத்தோம், உள்ளங்கை உரிந்தது, மத்தியானச் சாப்பாடு கிடைத்தது.

கடைசியில் எங்கள் நடையில் ஐந்தில் ஒரு பங்குதான் மணல், மிச்சம் இ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஊர்ச் சாலைகளும். சாலையில் எப்போதும் வலது ஓரம், வண்டி எதிரே வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சனி, ஞாயிறு நடக்காதீர்கள், அந்த இரண்டு நாள் அது சாலையே அல்ல, பந்தயத் திடல். ஓய்வு நாளை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள், இந்தச் சாலையை அவர்களைவிடத் தெரிந்தவர்கள் கிடையாது. பையின் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர், அதிகாலை மூன்றரைக்கு நடை, பத்து மணிக்கு நிழல், நாலு மணிக்கு மறுபடி. அப்படியே செய்யுங்கள்.

ராமேஸ்வரத்தைச் சேர்க்கலாமா என்பது தனிக் கேள்வி. தனுஷ்கோடி முனை வரை நடந்து போய், ராமநாதபுரத்துக்குப் பேருந்தில் திரும்பினாலும் நாலு நாள் கூடும். நாங்கள் சேர்க்கவில்லை, இன்றுவரை தம்பி அதற்காக என்னைத் திட்டுகிறான்.

தூரம், போலீஸ், படுக்கை

1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து கிளம்பிய உப்பு யாத்திரை, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தது. சுமார் 150 மைல், அதாவது ஒரு நாளைக்குப் பத்து மைல், 16 கி.மீ. அவர்களுக்குச் சோறு போடுகிறவர்கள் மீது நடவடிக்கை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவிக்க, மக்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் அந்தப் பத்து மைல். ஜெயிலுக்குப் போகத் துணிந்த தொண்டர்களே அவ்வளவுதான் நடந்தார்கள், நீங்கள் ஆபீஸ் நாற்காலியில் இருந்து எழுந்து வந்து முதல் நாளே 35 கி.மீ. போடாதீர்கள். முதல் வாரம் 15, 16. அப்புறம் 22, 25 தானாக வரும். வாரத்துக்கு ஒரு நாள் முழு ஓய்வு. நாட்களைக் கணக்குப் போடும்போது மூன்று நாள் உபரியாக வையுங்கள், ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று மழைக்கு, ஒன்று சும்மா.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடற்கரைக் கிராமங்களில் புது ஆள் தெரிந்தால் தகவல் சொல்வது வழக்கமாகிவிட்டது. ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்களை நாலு முறை நிறுத்தினார்கள், தொண்டிக்கு முன்னால் ஒரு முறை ஒன்றரை மணி நேரம். எல்லா முறையும் காப்பாற்றியது அந்த லெட்டர்பேடு கடிதமும் ஆதாரும்தான். பத்து நகல் எடுத்து வையுங்கள். கிளம்பும் முன்பே ஒவ்வொரு மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கும் வழி, தேதியோடு ஒரு கடிதம் அனுப்புங்கள், பதில் வராது, ஆனால் அனுப்பிய ரசீது கையில் இருக்கும். ட்ரோன் எடுத்துப் போகாதீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் சாமான் பட்டியலில் சேட்டிலைட் போன், செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி எல்லாம் கட்டாயம் என்று இருக்கும், நம் நாட்டில் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருந்தால் கைதாகலாம். சாதாரண போனே போதும், இரண்டு வேறு கம்பெனி சிம் போடுங்கள். கடற்கரையில் சில இடங்களில் இலங்கை சிக்னல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் தர்மத்தைவிட பில் பெரிதாகிவிடும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108, மூன்றையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

தங்க இடம் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர், எல்லா இடத்திலும் சாதாரண லாட்ஜ் உண்டு. திருச்செந்தூரில் தைப்பூசம், மாசித் திருவிழா நாட்களை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ஊர்களில் நாகை மாவட்டம் வரை பஞ்சாயத்தாரிடம் கேட்க வேண்டும், தெற்கே தூத்துக்குடி, நெல்லைக் கரையில் பங்குத்தந்தையிடம். முதல் நாளே யாரையாவது விட்டுப் போன் செய்யச் சொல்லுங்கள், இருட்டிய பிறகு போய் நின்றால் யாராக இருந்தாலும் சந்தேகம்தான் வரும். சமுதாயக்கூடம், புயல் பாதுகாப்பு மையம், கோயில் மண்டபம் எதையாவது திறந்துவிடுவார்கள். கடற்கரையில் கூடாரம் போட வேண்டாம். பாதுகாப்பு ஒரு பக்கம், ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம், ராத்திரி மணலில் டார்ச் அடித்தால் அவை திரும்பிப் போய்விடும்.

கால்

பன்னிரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். தினம் ஐந்து கிலோமீட்டர், அது பெரிய விஷயம் இல்லை. சனிக்கிழமை 18, அடுத்த நாளே மறுபடி 18, இதுதான் பரீட்சை. முதல் நாள் எல்லோரும் நடப்பார்கள், இரண்டாம் நாள் காலையில் படுக்கையை விட்டு எழும்போது குதிகால் என்ன சொல்கிறது என்பதுதான் உங்கள் நிலவரம். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது, தூக்கப் போகிற அதே பையோடு திருவான்மியூரில் இருந்து முட்டுக்காடு வரை மணலில் ஒரு தடவை நடந்து பாருங்கள். மணலில் நடக்க அலை நனைத்து இறுகிய ஓரம்தான் நல்லது, ஆனால் அது கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும், தெற்கே போகும்போது இடது கால் எப்போதும் பள்ளத்தில். இரண்டு மணி நேரத்தில் இடுப்பு பேச ஆரம்பிக்கும், அப்போது சாலைக்கு ஏறிவிடுங்கள்.

ஷூ வழக்கத்தைவிட அரை சைஸ் பெரியதாக, குறைந்தது 100 கி.மீ. பழக்கியதாக இருக்க வேண்டும். கூடவே நல்ல பிடிப்புள்ள சாண்டல் ஒரு ஜோடி. சாக்ஸ் நாலு ஜோடி, பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிளம்பும் முன் விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாசலின். தொடை இடுக்கிலும் தடவுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை, முதல் வாரத்தில் நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்புவது அந்த உரசல்தான்.

நான் செய்த முட்டாள்தனம் இது. மூன்றாம் நாள் மத்தியானம், சதுரங்கப்பட்டினம் அருகே, அலையில் காலை நனைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன், சுகமோ சுகம். துடைக்காமல் சாக்ஸ் மாட்டி நடந்தேன். ஊறிய தோலும் உப்பும் மணலும் சேர்ந்து சாயங்காலத்துக்குள் இடது குதிகாலில் பழைய ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம். தண்ணீரில் காலை விட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காற்றாட விட்டு, அப்புறம்தான் ஷூ. சின்னக் கொப்புளம் என்றால் மேலே டேப் ஒட்டி விட்டுவிடுங்கள். பெரிதாகி வலித்தால் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடியுங்கள், தோலைப் பிய்க்காதீர்கள். சர்க்கரை வியாதி இருந்தால் இந்த வைத்தியம் எல்லாம் வேண்டாம், கிளம்பும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது, தண்ணீர் உட்பட. தண்ணீர் ஒரு நேரத்தில் இரண்டு லிட்டர் போதும், ஆனால் நாளுக்கு நாலைந்து லிட்டர் குடிக்க வேண்டும். கரையோர ஊர்களில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு, கேன் தண்ணீர் வைத்திருக்கும் கடையில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து. மத்தியானம் மீன் சாப்பாடு கண்ணைப் பறிக்கும், சாப்பிட்டால் அன்றைய நடை அவ்வளவுதான், அதை ராத்திரிக்கு வைத்துக்கொண்டு மத்தியானம் இட்லி, மோர் சாதம் என்று ஓட்டுங்கள். உடன்குடிப் பக்கம் வரும்போது பதநீர் இறக்கத் தொடங்கியிருந்தால் அதிர்ஷ்டம்.

நாய்க்கு ஒரு கம்பு, வெறுமனே கையில் இருந்தாலே போதும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ஊசி இலவசம். வங்கிக் கணக்கில் இருந்து வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடு இரண்டு லட்சத்துக்கு இருக்கிறது, உங்கள் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை என்றால் 800 கி.மீ. வேண்டியதில்லை, வேளாங்கண்ணியோடு நிறுத்துங்கள். 300-க்குச் சற்று மேலே, இரண்டரை வாரம் லீவு போட்டால் முடிந்துவிடும், நன்கொடை கேட்கவும் அது போதுமான தூரம்தான்.

முடித்த பிறகு பத்து நாளுக்குள் கணக்கை அனுப்பிவிடுங்கள். மொத்த வரவு, நிறுவனம் தந்த ஒப்புகை, நம் செலவு தனியாக, ஒரே பக்கத்தில், காசு தராதவர்கள் உட்பட எல்லோருக்கும். எனக்குக் கணக்கு அனுப்பிய பிறகு பதினோரு பேர் புதிதாகப் பணம் போட்டார்கள்.

திரும்ப ரயில் டிக்கெட்டைக் கிளம்புவதற்கு முன்பே எடுங்கள், முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கேட்டு வாங்குங்கள். நாங்கள் கேட்காமல் விட்டோம், இரண்டு பேருக்கும் மேல் பெர்த் கிடைத்தது, அந்த மூன்று படியை நான் ஏறிய அழகைப் பார்த்து எதிர் சீட்டுப் பெரியவர், "ஆக்ஸிடென்ட்டா தம்பி?" என்றார்.